பத்துக்கு மூணு

மூணு. பத்துக்கு மூணு. மார்க் போட்டாச்சு, விமர்சனம் எழுதியாச்சு, சைட்டு நடத்தற சாதிக் அண்ணனுக்கு அனுப்பியும் ஆச்சு. நாலு மணிக்கு அது தானா சைட்டுல ஏறிடும், இனி பாக்கி ஒரே ஒரு படம், இந்த கேமோட லட்சணம் பார்த்த உடனே தெரியற மாதிரி அசிங்கமா ஒண்ணு, அதை எடுத்து அனுப்பிட்டா இந்த மத்தியானம் என்னோடது, சோத்தைத் தின்னுட்டு ஃபேனுக்குக் கீழ நீட்டி நிமிர்ந்து படுத்துக்கலாம். எப்பவும் எண்ணைத்தான் முதல்ல போடுவேன், காரணமெல்லாம் பின்னாடி தானா வந்து வரிசையில நிக்கும். கிராபிக்ஸுக்கு ஒரு கட்டம், சத்தத்துக்கு ஒரு கட்டம், கதைக்கு ஒரு கட்டம், விளையாடற சுகத்துக்கு ஒரு கட்டம், எல்லாத்தையும் கூட்டி வகுத்தா ஒரு எண்ணு வரும், வரலேன்னா வர வைக்கணும், அவ்வளவுதான் தொழில். இதுல கதைன்னு ஒண்ணு கிடையாது, சத்தம்னா தூரத்துல யாரோ கட்டில் இழுக்கற மாதிரி ஒரு குமுறல், கிராபிக்ஸ்னா பழுப்புக் கலர்ல ஒரு மேப், அதுல நீலமா ஒரு ஆறு, ஆத்துக்கு ஒரே ஒரு பாலம், சின்னச் சின்னச் சதுரமா பட்டாளம். ஏதோ ஒரு நாடு, ஏதோ ஒரு சண்டை, பேரெல்லாம் கற்பனை. எக்செல் ஷீட்டுக்குக் காக்கிச் சட்டை மாட்டின மாதிரி இருக்குன்னு எழுதிருக்கேன், அந்த வரிக்கு மட்டும் ஆயிரம் பேரு சிரிப்பான், எழுதும்போது நானே சிரிச்சேன்.

ஆனா எக்செல் ஷீட்டுன்னு சொல்றதும் ஒண்ணும் என் சொந்தச் சரக்கு இல்லை, இந்த மாதிரி நிஜப் போர் கேம் எது வந்தாலும் ஊர் உலகத்துல எழுதற அத்தனை பேரும் அதைத்தான் எழுதறான், வெள்ளைக்காரன் எழுதினதை நான் எழுதினேன், நான் எழுதினதை நாளைக்கு எவனாவது எழுதுவான். இன்னொரு பக்கம் வேற ஒரு கூட்டம் உண்டு, துப்பாக்கியோட நீளத்துல அரை அங்குலம் தப்புன்னு அழற பெரிய மனுஷங்க, அவங்களுக்கு நாங்க எழுதறது எல்லாமே குப்பை, எங்களுக்கு அவங்க எல்லாம் பைத்தியம். அதை விளையாடும்போது உள்ளுக்குள்ள என்ன ஆகுதுன்னு ரெண்டு பக்கமும் சொன்னதே இல்லை. சொல்ல நேரம் எங்க இருக்கு, வாரத்துக்கு அஞ்சாறு கேமு, எல்லாத்தையும் முடிக்கணும், அதனால எதை எடுத்தாலும் வேகத்தை உச்சத்துல வெச்சுத்தான் ஓட்டறது, இந்தத் தொழில்ல இருக்கற எல்லாரும் அப்படித்தான், வெளியில சொல்லிக்க மாட்டோம். இதைச் செஞ்ச பொண்ணு நேத்து போன் பண்ணுச்சு, சுகந்தின்னு பேரு, ஓசூர், அவளும் அவ வீட்டுக்காரரும் ரெண்டே பேருதான் சேர்ந்து செஞ்சிருக்காங்க. "மேடம், மார்க் எவ்வளவு வேணாலும் போடுங்க, அது உங்க இஷ்டம். ஒண்ணே ஒண்ணு, வேகத்தை மட்டும் கூட்டாதீங்க"ன்னு சொல்லுச்சு. "கூட்ட மாட்டேம்மா"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போனை வெச்சேன், இந்தப் பக்கம் வேகத்தைக் கூட்டினேன். குரல்ல ஒரு நடுக்கம் இருந்துச்சு அந்தப் பொண்ணுக்கு. தமிழ்ல இந்த மாதிரி கேமைத் தொட்டு எழுதறது நான் ஒருத்திதான், நான் பக்கு, கேமே கோளாறுன்னு சொல்லிட்டா அதுக்கப்புறம் ஒருத்தன் சீண்ட மாட்டான், அவங்க கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான், அது அவளுக்கும் தெரிஞ்சிருக்கும். சரி, அதுக்காக? நல்லா இல்லாததை நல்லா இருக்குன்னு சொல்ல முடியுமா?

கீழ தண்ணி லாரி வந்து நிக்குது போல, மோட்டார் சத்தம், வாட்ச்மேன் யாரையோ வண்டியை எடு எடுன்னு கத்தறாரு. படத்தை எடுத்துடுவோம். கேமை நிறுத்தி வெச்ச இடத்துலயே இருக்கு, அதே பாலம், அதே ரெண்டாவது கம்பெனி, பாலத்துக்குன்னு நான் அனுப்பின பட்டாளம், சவம், அது இன்னும் பாலத்து மேலயே குத்துக்கல்லு மாதிரி நிக்குது. இந்த ரெண்டாவது கம்பெனியாலதான் மூணு. பாலத்தைப் பிடிச்சு நில்லுன்னேன், நின்னுச்சு, நல்ல பிள்ளை. அக்கரையில எதிரி கூட்டமா சேர்றான், கண்ணுக்கு முன்னாடி தெரியுது, பின்னால வான்னேன், வரலை. திரும்ப வான்னேன். வராததால சரி நில்லுன்னேன். மறுபடி வான்னேன். மவுஸ் பட்டனை உடைக்கற மாதிரி தட்டினேன், அசையலை. அதோட நிறுத்தி வெச்சுட்டு எழுதப் போயிட்டேன். "சொன்னதைக் கேட்பதில்லை", அதான் என் விமர்சனத்தோட முதல் வரி. காலையில சாதிக் அண்ணன்கிட்ட போன்ல படிச்சுக் காட்டினப்ப அவரு சத்தமா சிரிச்சாரு. "சூப்பரு ஜெசி, கிழி. இது பக்கா பக்கு." "ஒருவேளை எனக்குத்தான் பிடிபடலையோ என்னவோண்ணே"ன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "ஏம்மா, வெளையாடறவனுக்குப் புரியலேன்னா அது பக்குதானே? அவன் என்ன மிலிட்டரியா?" சரிதானே, நியாயமான பேச்சு, நான் எழுதறது மிலிட்டரிக்காரனுக்கு இல்லை, வேலை முடிஞ்சு வந்து அரை மணி நேரம் விளையாடறவனுக்கு. அந்தக் கம்பெனியைப் பெருசாக்கி ஒரு படம் எடுக்கலாம்னு தட்டினேன், பக்கத்துல கண்ணு மாதிரி ஒரு பொத்தான், நேத்துலேர்ந்து இருக்கு, அமுக்கிப் பார்த்ததே இல்லை, எதுக்கு இதுன்னு அமுக்கினேன். திரை வெள்ளையா ஆயிடுச்சு.

ஹேங் ஆகித் தொங்கிப் போச்சு, இதையும் எழுதணும்னுதான் முதல்ல நினைச்சேன். தொங்கலை. ஓரத்துல நீலமா கொஞ்சம் ஆறு தெரியுது. பாலம் தெரியுது. பாலத்துக்கு அந்தண்டை ஒரு மரக்கூட்டம், இந்தண்டை ரெண்டு வளைவு ரோடு, அதுக்கு மேல ஒண்ணும் இல்லை, வெறும் வெள்ளை. என்னோட மேப்புல அக்கரை முழுக்கச் சிவப்புச் சதுரமா அப்பிக் கிடந்துச்சே, எங்க போச்சு, பின்னாடி நான் நிறுத்தி வெச்ச டாங்கி எங்க, என்னோட தலைமையிடம் எங்க, நான் எங்க? ஒரு நிமிஷம் எடுத்துச்சு எனக்கு. இது என் மேப் இல்லை. இது அந்தக் கம்பெனியோட மேப். அவங்க கண்ணுக்கு எட்டினது மட்டும், அவங்க காதுக்கு வந்தது மட்டும். கீழ மூலையில ஒரே ஒரு வரி, நான் சொன்னதுதான், காலையில காப்பி குடிச்சுக்கிட்டே தட்டினது: பாலத்தைப் பிடித்து நிற்கவும், மறு உத்தரவு வரும்வரை. அதுக்குக் கீழ காலி. நான் வான்னது இல்லை, திரும்ப வான்னது இல்லை, ஒண்ணுமே இல்லை. எனக்குக் கையில இருந்த மயிரெல்லாம் சிலிர்த்துப் போச்சு, பொய் சொல்லலை, ஃபேன் காத்து இல்லை அது. நூறு பேருன்னு போட்டிருக்கு கம்பெனிக்கு. அந்த நூறு பேருக்கு உலகம்னா ஒரு மரக்கூட்டமும் ரெண்டு வளைவும் என்னோட ஒரு வரியும். அந்த வரியை நம்பி நிக்கறாங்க. நம்பின்னு சொல்லலாமா, சதுரம் நம்புமா, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற ஒரு எண்ணு நம்புமா? தெரியலை, எனக்கு அப்படித்தான் இருந்துச்சு, நம்பிக்கிட்டு நிக்கற மாதிரிதான் இருந்துச்சு. எட்டு வருஷத்துல எத்தனை கேமு, கடலு அப்படியே கடலாட்டம், நெருப்பு அப்படியே நெருப்பாட்டம், முகத்துல வேர்வை ஓடறதுகூட தெரியும், வாயைப் பொளந்து பார்த்திருக்கேன், பத்துக்கு ஒன்பது போட்டிருக்கேன். ஒண்ணுமே இல்லாத ஒரு வெள்ளையைப் பார்த்து இப்படி உக்காந்ததில்லை. அம்மாடியோவ், ரெண்டு பேரா சேர்ந்து செஞ்சாங்க இதை? தெரியாததை வரைஞ்சிருக்காங்களே! சோறு ஆறிக்கிட்டு இருக்கு, ஆறட்டும்.

அப்போ என் உத்தரவெல்லாம் எங்க? என் மேப்புக்குத் திரும்பி வந்து, நான் கடைசியா வான்னு சொன்னதுமேல தட்டினா அது இப்ப எங்க இருக்குன்னு காட்டுது. ரோட்டுல இருக்கு. ஒரு மோட்டார் சைக்கிள்காரன் கையில. அவனுக்கு முன்னாடி என் சரக்கு லாரி, அதுக்கு முன்னாடி என் சரக்கு லாரி, வரிசையா லாரி, அதுக்கும் முன்னாடி குறுக்கால என் டாங்கி, எல்லாத்தையும் ஒரே ரோட்டுல போ போன்னு விரட்டினது நான், இருக்கறது ஒரே ரோடு, வடபழனி சிக்னல் தோத்துது. லாரி ஏன் நகரலேன்னு ரெண்டாவது பக்குன்னு எழுதினேனே, டாங்கி ஏன் சும்மா நிக்குதுன்னு மூணாவது பக்குன்னு எழுதினேனே, மாதாவே, ஒண்ணுகூட பக்கு இல்லை, எல்லாமே நான். நான் முதல்ல சொன்ன வா, நடுவுல சொன்ன நில்லு, கடைசியா சொன்ன வா, எல்லாம் அந்த நெரிசலுக்குள்ள ஒண்ணு பின்னால ஒண்ணு மாட்டிக்கிட்டு நிக்குது, என் குழப்பத்தை நானே வரிசையில நின்னு பார்க்கற மாதிரி. வேகத்தைக் கீழ இறக்கினேன், சாதாரண வேகம், அந்தப் பொண்ணு சொன்ன வேகம். ஓட விட்டேன். ஒண்ணும் நடக்கலை. ஒண்ணும் நடக்காததைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். கீழ தண்ணி லாரிக்காரன் ஆரன் அடிக்கறான், நம்ம பிளாட்டுக்கு வர்ற சந்துல எவனோ காரைக் குறுக்க நிறுத்திருக்கான், மூணாவது மாடி அக்கா பால்கனியிலேர்ந்து "தண்ணி வருமா வராதாப்பா"ன்னு கத்தறா, பாவம், மேலே இருந்து பார்த்தா லாரி தெரியுது, காரும் தெரியுது, கத்தறதைத் தவிர அவளும் என்ன செய்வா. அப்பத்தான் அந்த மோட்டார் சைக்கிள் குறி மாறிச்சு. ஆளு குறியா மாறிச்சு. வண்டியைப் போட்டுட்டு இறங்கி நடக்கறான். நான் சொல்லலை. யாரும் சொல்லலை. லாரிக்கு ஓரமா, வயல் பக்கமா, பைய பைய நடக்கறான், என் வார்த்தையைக் கையில வெச்சுக்கிட்டு. நான் எழுந்து நின்னுட்டேன்.

சொன்னதைக் கேட்பதில்லை. அந்த வரி எங்கேயோ கேட்டது, என் வாயில அது சும்மா வரலை. நான் காலேஜ்ல இருந்த வருஷம் எங்க ஊர்க் கடல்ல பெரிய புயல், எங்க அப்பா மீன் பிடிக்க ஆழ்கடல் போட்டுல கிளம்பிப் போயி நாளாச்சு. டிவியில புயல் வெள்ளையா சுத்திச் சுத்தி நகருது, அது எந்தப் பக்கம் போகுதுன்னு அம்பு போட்டுக் காட்டறான், நாங்க கரையில உக்காந்து அத்தனையும் பார்க்கறோம், அப்பா இருக்கற இடத்து மேலதான் அம்பு. கோயில்ல மணியடிச்சு செபமாலை சொல்றாங்க, அம்மா தண்ணிகூட குடிக்கலை. செய்தி வாசிக்கறவர் சொன்னாரு, எச்சரிக்கை கொடுத்தும் மீனவர்கள் கேட்கவில்லைன்னு. எவ்வளவு சுத்தமா, எவ்வளவு அழகா வாசிச்சாரு. அதை நாங்களும் நம்பினோம், அதான் கொடுமை, பக்கத்து வீட்டுல எல்லாம் பேசிக்கிட்டாங்க, இவனுவளுக்கு மீனுன்னா உசிரும் பெருசில்லைன்னு, எனக்குக்கூட அப்பா மேல கோவம், சொன்னா கேட்டாத்தானேன்னு. வேற ஊர் போட்டு ஒண்ணு இழுத்துக்கிட்டு வந்து அப்பாவைக் கரை சேர்த்துச்சு, உப்புல தோல் உரிஞ்சு, கண்ணு ரெண்டும் செக்கச்செவேல்னு, கஞ்சியைக் கையில வாங்கிக்கிட்டு சுவத்துல சாய்ஞ்சு உக்காந்திருந்தாரு, டிவியில அதே செய்தி திரும்ப ஓடுது, எச்சரிக்கை கொடுத்தும். அப்பா கோவப்படலை. கஞ்சியைக் கீழ வெச்சுட்டு என்னைப் பார்த்து நிஜமாவே கேட்டாரு, தெரிஞ்சுக்கணும்னு கேட்டாரு. "சொன்னாவளா மக்ளே? எப்பம் சொன்னாவ?" அப்புறம் அவரே சொன்னாரு, "அங்க ஒண்ணும் தெரியாது மக்ளே. வானமும் தண்ணியும் ஒரே வெள்ளை." வானமும் தண்ணியும் ஒரே வெள்ளை. அதைத்தான் இப்ப பார்த்தேன், ஓசூர்ல இருக்கற ஒரு பொண்ணு வரைஞ்சு வெச்சிருக்கா, அவளுக்கு எங்க அப்பாவைத் தெரியாது, கடலே தெரியுமோ தெரியாதோ. நான் அதுக்கு மூணு போட்டிருக்கேன். கரையில டிவிக்கு முன்னாடி உக்காந்திருந்தவ நான், அப்பாவோட பொண்ணு, அதே வரியை எழுதி அனுப்பிருக்கேன்.

ஏறக்கூடாது. அது ஏறக்கூடாது. போனை எடுத்தேன், சாதிக் அண்ணன் எடுக்கலை, திரும்ப அடிச்சேன், மணி போகுது, எடுக்கலை. சைட்டுல ஏத்தறதும் எடுக்கறதும் அவர் கையிலதான் இருக்கு, என்னால எழுதி அனுப்ப மட்டும்தான் முடியும். வாட்ஸ்அப்புல போட்டேன், "அண்ணே நிறுத்துங்க, ஏத்த வேணாம்". ஒரு டிக். "அது பக்கு இல்லண்ணே, என் தப்பு, திருத்தித் தர்றேன்". ஒரு டிக். "அண்ணே". ஒரு டிக். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிட்டு இந்நேரம் பைக்ல ஆபீசுக்குத் திரும்பிக்கிட்டு இருப்பாரு, கத்திப்பாராவுலயோ எங்கயோ, போனு பாக்கெட்டுக்குள்ள, ஹெல்மெட்டு தலையில, டேட்டாவை வேற அணைச்சு அணைச்சு வைக்கற மனுஷன். இன்னொரு தடவை அடிக்கப் போயி விரலை நிறுத்தினேன். என்ன செய்யறேன் நான், வா, வா, நில்லு, வா, அதே தட்டு தட்டறேன். அந்தப் பொண்ணு ஓசூர்ல கம்ப்யூட்டருக்கு முன்னாடி உக்காந்திருப்பா, வீட்டுக்காரரு பக்கத்துல நிப்பாரு, ரெண்டு பேரும் நாலு மணி ஆகறதுக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க. அவங்க மேப்புலயும் எல்லாம் வெள்ளை. இங்க என்ன வருதுன்னு எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது.

திரையில அந்த ஆளு நடந்துக்கிட்டே இருக்கான். வேகத்தைக் கூட்டலாம், ஒரு தட்டு, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பாலத்துல போயி நிப்பான், கை போகுது, கையை இழுத்துக்கிட்டேன். கூட்டக் கூடாது. அவன் நடக்கற நேரம் பூரா நானும் நிக்கணும். கண்ணு பொத்தானை அமுக்கினேன், திரும்ப அந்த வெள்ளை, மரக்கூட்டம், ரெண்டு வளைவு, என் ஒரு வரி. மரக்கூட்டத்துல இப்ப ஒரு சிவப்பு, ஒண்ணே ஒண்ணு, அங்கேயே நிக்குது, என் மேப்புல பாத்தா எத்தனையோ இருக்கும், இவங்களுக்குத் தெரியறது ஒண்ணுதான். இருந்தும் நிக்கறாங்க. கும்பிடணும் போல இருந்துச்சு, வெக்கமா இல்லை எனக்கு, நிஜமா இருந்துச்சு. அப்புறம் நாலு ஆச்சு. சொல்லி வெச்ச மாதிரி என் போன்ல டிங்குன்னு, நம்ம சைட்டுல புதுசு, எக்செல் ஷீட்டுக்குக் காக்கிச் சட்டை, பத்துக்கு மூணு, என் போட்டோ, சிரிச்சுக்கிட்டு. அடுத்த நிமிஷமே ஒருத்தன், கிழிச்சுட்டீங்க அக்கா. இன்னொருத்தன் வயிறு வலிக்கச் சிரிக்கற மூஞ்சி. இன்னொருத்தன், டைம் மிச்சம், தேங்க்ஸ் அக்கா, வாங்கலாம்னு இருந்தேன். வாங்கலாம்னு இருந்தானாம். போயிடுச்சு. நான் அனுப்பினது போயிச் சேர்ந்துடுச்சு, நிறுத்துன்னு சொன்னது இன்னும் ஒரு டிக்குலயே நிக்குது. அழுகை வந்துச்சு, துடைச்சுக்கிட்டேன், திரையிலேர்ந்து கண்ணை எடுக்கலை. வெள்ளையோட ஓரத்துல, பின்பக்க வளைவுல, ஒரு புள்ளி முளைச்சுது. நடந்து வர்ற ஆளு. அந்த நூறு பேரும் இப்பத்தான் அவனைப் பார்க்கறாங்க, அவங்களோட சேர்ந்து நானும் பார்க்கறேன். வந்தான். பாலத்துக்கு வந்துட்டான். மூலையில புதுசா ஒரு வரி விழுந்துச்சு, அதுக்குக் கீழ அவங்க பதில்: உத்தரவு கிடைத்தது, கிளம்புகிறோம். அவ்வளவுதான் பதில். ஏன் இவ்வளவு நேரம்னு கேக்கலை. அந்தச் சதுரம் பாலத்துலேர்ந்து மெதுவா இறங்கி முதல் வளைவுல திரும்புது, ஏசுவே, சொன்னதைக் கேக்கறாங்க, முதல்லேர்ந்தே கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க.

போன் அடிச்சுது. சாதிக் அண்ணன். பின்னாடி பஸ்ஸு ஆட்டோ ஆரன், மூச்சு வாங்குது, ரோட்டோரமா நிறுத்திட்டுப் பேசறாரு போல. "ஜெசி, வியூஸ் எங்கியோ போயிட்டு இருக்காம்மா, ஆபீசுலேர்ந்து போன் பண்ணிச் சொன்னாங்க, பார்த்தியா? ஆமா, என்ன ரெண்டு மிஸ்டு கால், என்னாச்சு?" "அண்ணே, ஏத்த வேணாம்னு சொன்னேனே." எனக்குக் கோவம் வந்துச்சு, கத்திடுவேன் போல இருந்துச்சு, எத்தனை தடவை சொன்னேன், கேட்டாத்தானேன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அதுக்குள்ள அவரு கேட்டாரு, தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டாரு. "சொன்னியா? எப்பம்மா சொன்னே?" கோவம் எங்கயோ போயிடுச்சு. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். கீழ அந்தக் காரை எடுத்துட்டாங்க, தண்ணி லாரி உள்ள வருது.

"இப்ப சொல்றேண்ணே. கேக்குதா?"